கதவைத் தட்டியது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

டேப்லெட் என்றதும் மருந்துக்கடையை நினைக்கிற வயது எனக்கு. அந்தக் கண்ணாடிப் பலகையில் பழைய நாடகங்களைப் படிப்பது பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் கூப்பிட்டபோது, ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஒரு கல்லூரியில் 31 ஆண்டுகள் ஷேக்ஸ்பியர் நடத்தியவன் நான். சாக்பீஸ், கரும்பலகை, அட்டை கிழிந்த பாடப்புத்தகம் ஒன்று, இவ்வளவுதான் என் ஆயுதங்கள். ஆனாலும் வர ஒப்புக்கொண்டேன். அதற்குக் காரணம் ஒரு கதவு. முதலில் அந்தக் கதவின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு பிற்பகல். விடாத தூறல். சாய்வு நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். டொக், டொக், டொக். இதோ, மேசையைத் தட்டிக் காட்டுகிறேன். ஒலிப்பதிவு செய்யும் தம்பி மன்னிக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்று எழுந்து, சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு, வாசல் கதவைத் திறந்தேன். ஒருவரும் இல்லை. திண்ணையில் நனைந்த பூனை ஒன்று என்னை ஏறிட்டுப் பார்த்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் டொக், டொக். இந்த முறை கொஞ்சம் அவசரமாக. ‘வருகிறேன், வருகிறேன்’ என்று சத்தம் போட்டுக்கொண்டே எழுந்தேன். உள்ளறையில் பேத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ‘தாத்தா, அது நம் வீட்டுக் கதவு இல்லை. மக்பெத் வீட்டுக் கதவு!’

அவள் ஆங்கில இலக்கியம் முதலாண்டு படிக்கிறாள். டேப்லெட்டில் ஒரு நாடகச் செயலியை ஓடவிட்டிருந்தாள். திரையில் வசனம் ஓடுகிறது, கூடவே நடிகர்கள் அதைப் பேசுகிறார்கள், பேசுகிற வரி மட்டும் நிறம் மாறுகிறது. அந்த இடத்தில் கோட்டைக் கதவு தட்டப்படுகிறது.

ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகக் கதை தெரியாதவர்களுக்கு மூன்றே வாக்கியம். தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த டங்கன் மன்னனை மக்பெத் நள்ளிரவில் கொன்றுவிடுகிறான். கையில் ரத்தம் காயவில்லை. அப்போது வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

தட்டுகிறார்கள், தட்டுகிறார்கள், தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே கணவனும் மனைவியும் நடுங்குகிறார்கள். வாயிற்காப்போன் குடிமயக்கத்தில் ஆடி ஆடி வருகிறான். தன்னை நரகத்தின் காவல்காரனாகக் கற்பனை செய்துகொண்டு, தட்டுகிறவனை ‘யாரப்பா அது?’ என்று விசாரிக்கிறான். கடைசியில் ‘வருகிறேன், வருகிறேன்’ என்கிறான். அந்த வரியைத்தான் நான் தூக்கக் கலக்கத்தில் சொல்லியிருக்கிறேன். 31 ஆண்டுகள் அந்தக் காட்சியை நடத்திய எனக்கு, அதில் கிடைத்த ஒரே வேடம் அதுதான்!

இப்போது வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் அந்த ஓசை எப்படி இருக்கும் தெரியுமா? அடைப்புக்குறிக்குள், சாய்வெழுத்தில், ‘உள்ளே தட்டும் சத்தம்’ என்று இருக்கும். அவ்வளவுதான். வகுப்பில் வசனத்தைப் படிப்பேன், அருஞ்சொற்பொருள் சொல்வேன், அடைப்புக்குறியைத் தாண்டிப் போய்விடுவேன். பரீட்சையில் அதைக் கேட்க மாட்டார்களே! ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்று வசனத்தைத்தான் கேட்பார்கள். மேசை என் முன்னால்தான் இருந்தது, விரல்களும் இருந்தன. ஒரு தடவைகூட நான் தட்டிக் காட்டவில்லை.

தாமஸ் டி குவின்சி என்ற ஆங்கிலக் கட்டுரையாளர் 1823இல் இந்தத் தட்டும் ஓசையைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார். சிறு வயதிலிருந்தே அந்த ஓசை தன்னை ஏன் அப்படி உலுக்குகிறது என்று அவருக்குப் புரியவில்லையாம். பிறகு ஒரு விளக்கம் கண்டார். கொலை நடக்கும் நேரத்தில் நம் சாதாரண உலகம் நின்றுபோகிறது. கதவு தட்டப்படும்போது அது மறுபடி ஓடத் தொடங்குகிறது. அப்போதுதான் இடையில் நடந்த பயங்கரம் நமக்கு உறைக்கிறது. இந்தக் கட்டுரையையும் நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். அதிலும் மேசையைத் தட்டவில்லை. தட்டுகிறவன் மக்டஃப், கடைசியில் மக்பெத்தின் தலையை எடுக்கப்போகிறவன் என்பதையும் சொல்லியிருக்கிறேன். சொன்னேன், சொன்னேன், சொல்லிக்கொண்டே இருந்தேன், கேட்க வைக்கவில்லை. கேட்க வைத்தது பேத்தியின் கையிலிருந்த அந்தப் பலகை.

அன்று மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டுவதற்குச் சற்று முந்திய இடத்துக்குப் போனோம். வரியை விரலால் தொட்டால் அங்கிருந்தே குரல் தொடங்குகிறது. மக்பெத் கொன்றுவிட்டு இறங்கி வருகிறான். இருட்டில் மனைவி காத்திருக்கிறாள். ‘நீங்கள் பேசவில்லையா?’ ‘எப்போது?’ ‘இப்போது.’ ‘நான் இறங்கி வரும்போதா?’ ‘ஆம்.’ ஒற்றைச் சொற்கள். புத்தகத்தில் இவற்றைப் படிக்கட்டு மாதிரி அச்சிட்டிருப்பார்கள். பக்கத்தை வீணாக்குகிறார்களே என்று மாணவப் பருவத்தில் நினைத்திருக்கிறேன். காதால் கேட்டால் அது வேறு. இரண்டு பேருக்கும் மூச்சு முட்டுகிறது. ஒருவர் குரலுக்கே மற்றவர் பயப்படுகிறார். பேத்தி அந்த ஐந்து வரிகளை நான்கு தடவை ஓடவிட்டாள். வகுப்பில் ஒரு வரியை நான்கு தடவை படித்தால், பையன்கள் கடைசி பெஞ்சில் கொட்டாவி விடுவார்கள்.

நாடகம் காதுக்கும் வாய்க்கும் உரியது. இதை இன்னும் இரண்டு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செயலிகளில் ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்துக்கு 2016இல் வந்த ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவர் மறைந்து 400 ஆண்டுகள் நிறைந்த ஆண்டு அது. நடிகர் இயன் மெக்கெல்லனும் இயக்குநர் ரிச்சர்ட் லான்கிரேனும் சேர்ந்து உருவாக்கினார்கள். நாடகத்தின் நாயகன் பிராஸ்பரோவாக மெக்கெல்லனே வருகிறார். மேடை, அரண்மனை, கப்பல் எதுவும் கிடையாது. நடிகர்களின் முகம், அதன் கூடவே வசனம், அவ்வளவுதான்.

அந்த நாடகத்தின் தொடக்கத்தில் பிராஸ்பரோ தன் மகள் மிராண்டாவுக்குப் பழைய கதை சொல்கிறார். தம்பி எப்படி வஞ்சித்தான், தன் நாட்டை எப்படிப் பறித்தான் என்ற நீண்ட கதை. நடு நடுவே, ‘கவனிக்கிறாயா?’ என்கிறார். பிறகு, ‘நீ கவனிக்கவில்லை’ என்கிறார். பிறகு, ‘கேட்கிறதா?’ என்கிறார். அவளும், ‘அப்பா, நீங்கள் சொல்லும் கதை செவிடர் காதையும் திறந்துவிடும்’ என்கிறாள். நேயர்களே, நீங்கள் கவனிக்கிறீர்களா? பாருங்கள், முகம் தெரியாதவர்களிடம் பேசுகிற எனக்கும் அதே வியாதி.

மிராண்டாவுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைப்பேன். நல்ல சிரிப்பு, தப்பான பாடம். அந்த வரிகளை முகத்தோடும் குரலோடும் சேர்த்துப் பார்த்த பிறகு பிராஸ்பரோவின் வாக்கியங்களைத் திரும்பப் படித்தேன். தம்பியின் பெயர் வந்ததும் வாக்கியம் பாதியில் அறுகிறது, வேறெங்கோ போகிறது, எழுவாய் கிடைக்காமல் தவிக்கிறது. கவனம் சிதறுவது மகளுக்கு அல்ல. பன்னிரண்டு ஆண்டுக் கோபத்தைத் திறந்துவிட்ட தகப்பனுக்கு. எனக்கு இது ஓய்வுபெற்ற பிறகு பிடிபட்டது. என் மாணவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பழைய குறிப்பை அடித்துவிடுங்கள்.

சொற்பொருள் விஷயத்திலும் இந்தப் பலகைகள் உதவுகின்றன. சொல்லைத் தொட்டால் பொருள் வருகிறது. முக்கியமாக, காலப்போக்கில் பொருள் மாறிய சொற்களுக்கு. நமக்கு ‘நாற்றம்’ எப்படியோ அப்படி. சங்கப் பாட்டில் மணம். இன்று மூக்கைப் பிடிக்கிறோம். ஷேக்ஸ்பியரிடமும் அப்படிச் சொற்கள் உண்டு. ‘பிரசன்ட்லி’ என்று நம் அலுவலகக் கடிதங்களில் எழுதினால் ‘தற்போது’. டெம்பெஸ்டில் பிராஸ்பரோவுக்கு ஏவல் செய்யும் ஆவி ஏரியல் அதைச் சொன்னால் ‘உடனே’. இப்படித் தெரிந்த முகத்தோடு வந்து ஏமாற்றும் சொற்கள்தான் ஆபத்தானவை. தெரியாத சொல்லுக்கு அகராதி பார்ப்போம். தெரிந்த சொல்லுக்கு யார் பார்ப்பார்கள்?

ஆனால் இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. பேத்தி ஒவ்வொரு சொல்லையும் தொட்டாள். மக்பெத் பாவம், ஒரு வரியைப் பேசி முடிப்பதற்குள் ஆறு தடவை நின்றான். பஜார் நோட்ஸை மனப்பாடம் செய்துவிட்டு நாடகத்தைப் பிரிக்காமலே பாஸான பையன்களை எனக்குத் தெரியும். பலகைக்குள்ளும் அதே நோட்ஸ் குடியேறிவிடும். அதனால் அவளிடம் ஒரு ஒப்பந்தம் போட்டேன். முதல் தடவை குறிப்புகளை மூடிவிட வேண்டும். புரிந்தது புரியட்டும். கேட்டு முடித்த பிறகு, இரண்டாம் தடவை எத்தனை சொல்லை வேண்டுமானாலும் தொடு. காதுக்கும் வாய்க்கும் உரியது என்று சொன்னேனே, முதலில் காது.

பாத்திரங்களின் உறவைக் காட்டும் வட்டமும் கோடுமான வரைபடங்களும் சில செயலிகளில் உண்டு. அவை கண்ணுக்கானவை, வானொலியில் காட்ட முடியாது, விட்டுவிடுவோம்.

டேப்லெட் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். லிப்ரிவாக்ஸ் என்ற அமைப்பில் தன்னார்வலர்கள் இந்த நாடகங்களைப் பேசிப் பதிவு செய்து இலவசமாகத் தருகிறார்கள். சாதாரண செல்பேசி போதும். குரல்கள் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

ஒரு மனக்குறை உண்டு. 2012இல் காசு கொடுத்து வாங்கிய ஒரு செயலி இன்று என் பலகையில் திறப்பதில்லை. இயங்குதளம் மாறிவிட்டதாம், செய்தவர்களும் கைவிட்டுவிட்டார்கள். ஷேக்ஸ்பியரின் சக நடிகர்கள் இருவர் 1623இல் அவருடைய 36 நாடகங்களைத் திரட்டிப் புத்தகமாக்கினார்கள். அதில் பாதி அதுவரை அச்சேறாதவை. மக்பெத்தும் டெம்பெஸ்டும் அந்தப் பாதியில் அடக்கம். சுமார் 750 பிரதிகள் அச்சிட்டிருக்கலாம் என்கிறார்கள். ஏறக்குறைய 235 இன்னும் இருக்கின்றன. எந்தப் பிரதியைப் பிரித்தாலும் படிக்கலாம். என் செயலிக்கு வயது பதினைந்துகூட ஆகவில்லை. ஆகவே பலகையில் கேளுங்கள், ஆனால் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடமா? கதவிலேயே நேரத்தைத் தொலைத்துவிட்டேன் போலிருக்கிறது. நம் நாடகங்களைப் பற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடக சபையைத் தொடங்கிய நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார், மக்பெத்தை ‘மகபதி’ ஆக்கினார். ஆங்கில வசனத்தையும் அவருடைய தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் நடிகர்கள் பேசக் கேட்டால் எப்படி இருக்கும்! வாய்க்கும் உரியது என்றேனே, அதை இன்னும் பேசவேயில்லை. ‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ நாடகத்தை அவர் தமிழாக்கிய ‘வாணிபுர வணிக’னை வகுப்பில் பையன்களைவிட்டுப் பேசவைத்த கதை ஒன்று உண்டு, அன்று வட்டிக்காரன் ஷைலாக்காக நின்ற பையன்... சரி, சரி, விளக்கு அணைகிறது. வணக்கம்.