கிண்ணமாகிப்போன கால்மிதி கடைசியில் தரையில் படுத்துவிட்டது

வணக்கம் மக்களே. பேச்செல்லாம் அப்புறம், முதலில் இதைப் பாருங்கள். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன்... தெரிகிறதா? தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. ஓரத்தில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள், நுழையவில்லை! மூன்று துணிப் பட்டைகளைச் சடை மாதிரி பின்னி, அந்தப் பின்னலை வட்டமாகச் சுற்றிச் சுற்றி நூலால் கோத்துச் செய்த கால்மிதி இது. ஓரம் மேலே எழும்பிக் கிண்ணமாகிப்போன இதைத்தான் போன வீடியோவில் தொப்பி மாதிரி தலையில் கவிழ்த்துக் காட்டினேன். நீங்களும் சிரித்து முடித்துவிட்டு, இஸ்திரி போடு, மேலே கனமான புத்தகத்தை வை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னீர்கள். இரண்டையும் செய்தேன். புத்தகத்தை எடுத்த கையோடு மறுபடியும் கிண்ணம். மூன்று நாளாக அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது.

கடைசியில் ஆறு சுற்றைப் பிரித்தேன். ஆறு சுற்று! கோத்த நூலை வெட்டி வெட்டி இழுத்ததில் பாதி நாள் போனது. பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் புத்தியில் பட்டது. என் பின்னலின் அகலம் 2.5 சென்டிமீட்டர். ஒரு சுற்று கூடினால் ஆரமும் 2.5 சென்டிமீட்டர் கூடும், சுற்றளவு அதைப்போல் ஆறேகால் மடங்கு, ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் கூடியாக வேண்டும். இரண்டாவது சுற்றானாலும் இருபதாவது சுற்றானாலும் அதே 16 தான். நான் அந்த 16-ஐக் கொடுக்காமல் இறுக்கி இறுக்கிக் கோத்திருக்கிறேன். வெளிச்சுற்றுக்கு நீளம் போதவில்லை என்றால் அது பாவம் என்ன செய்யும், மேலே எழும்பி நிற்கும்.

அதை எப்படிக் கொடுப்பது? கிட்டே காட்டுகிறேன், இருங்கள். பின்னலின் ஓரத்தில் வரிசையாகக் கண் கண்ணாகத் தெரிகிறது இல்லையா, ஊசி அதற்குள்தான் போக வேண்டும், துணியைக் குத்தக் கூடாது. அதனால்தான் முனை மழுங்கிய ஊசி. உள்சுற்றில் ஒரு கண், புதுப் பின்னலில் ஒரு கண், இப்படி மாற்றி மாற்றிக் கோத்து வரும்போது, அங்கங்கே புதுப் பின்னலில் மட்டும் ஒரு கண்ணை விட்டுவிட்டு அடுத்ததில் நுழைக்க வேண்டும். என் பின்னலில் ஒரு கண் சுமார் 2 சென்டிமீட்டர், ஆகவே சுற்றுக்கு எட்டு இடத்தில் விட்டேன், சரியாக உட்கார்ந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் விடாதீர்கள், வட்டம் மூலை மூலையாகிவிடும். அளவுக்கு மீறி விட்டாலும் வம்புதான், ஓரம் ஃப்ரில் வைத்த மாதிரி அலை அலையாக வரும்.

ஆ, முக்கியமானதை விட்டுவிட்டேன். மடியில் வைத்துக் கோக்காதீர்கள்! என் தப்பில் பாதி அதுதான். மடி வளைவாக இருக்கிறது, கால்மிதியும் அந்த வளைவையே பிடித்துக்கொள்கிறது. டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம் என்ற சோம்பேறித்தனம். இப்போது மேஜையில் பரப்பித்தான் வேலை.

துணி விஷயம் உங்களுக்குத் தெரியும், எனக்கு டி-ஷர்ட்தான் உயிர். 5 சென்டிமீட்டர் பட்டையாக வெட்டி ஒரு இழு இழுத்தால் ஓரம் தானாகச் சுருண்டு உள்ளே போய்விடும், பிசிறே கிடையாது. சட்டைத் துணி என்றால் இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்துக்கொண்டே பின்ன வேண்டும், எனக்கு அந்தப் பொறுமை இல்லை. வழவழப்பான பாலியஸ்டரை என் பக்கமே கொண்டு வராதீர்கள், கையிலேயே நிற்காது. இந்தத் தடவை நடுவில் ஒரு ஜீன்ஸ் பட்டையைச் சேர்த்தேன், அந்த இடம் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கிறது, இதோ, கால் வைத்தால் தெரியும். ஜீன்ஸோடு ஜீன்ஸ்தான் சேரும்.

இன்னொன்று, பட்டையை இணைப்பது. இரண்டு முனையிலும் சட்டைக் காஜா அளவுக்கு ஒரு சின்னக் கீறல், புதுப் பட்டையின் கீறல் உள்ள முனையைப் பழைய பட்டையின் கீறலுக்குள் நுழைத்து, புதுப் பட்டையின் மறுமுனையை அதன் சொந்தக் கீறலுக்குள்ளேயே விட்டு இழுத்தால் முடிந்தது, தையலே வேண்டாம். மூன்று பிரியும் ஒரே நீளத்தில் இருக்கக் கூடாது, ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று வைத்தால்தான் மூன்று முடிச்சும் ஒரே இடத்தில் வந்து குண்டாகாது. இதை வெட்டும்போதே சொல்லியிருக்க வேண்டும். சரி, அதற்கும் முன்னால் துவைப்பதைச் சொல்லியிருக்க வேண்டும்! அந்தச் சிவப்பு டி-ஷர்ட்டைத் துவைத்தபோது இறங்கிய சாயத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அதை ஒதுக்கியிருப்பீர்கள்.

நீள்வட்டம் எப்படி என்று கேட்டவர்களுக்கு: நீளத்திலிருந்து அகலத்தைக் கழியுங்கள். 90-க்கு 60 வேண்டுமென்றால் நடுவில் 30 சென்டிமீட்டர் நேர்ப் பின்னலில் தொடங்க வேண்டும். கண் விடுவதெல்லாம் இரண்டு முனை வளைவில் மட்டும், நேர்ப்பக்கத்தில் தொடவே கூடாது.

இன்னும் வால் பாக்கி. மூன்று பட்டையையும் போகப் போக ஒல்லியாக நறுக்கி, எலி வால் மாதிரி பின்னி, பக்கத்துச் சுற்றுக்குள் செருகிவிட வேண்டும். அதற்கு முன்னால்... இருங்கள், இன்னொரு தடவை விரலை வைத்துப் பார்க்கிறேன். ம்ஹூம், நுழையவில்லை!