மேற்கே இடி, கிழக்கே வெயில்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குக் கார் ஓட்டிப் போவது பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரத்துக் காரியம். ஆனால் ஆடி மாதத்தில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிளம்பிப் பாருங்கள்.

நான் திருவான்மியூரை விட்டபோது மணி ஒன்றரை. ஸ்டியரிங்கில் கை வைக்க முடியவில்லை, அப்படியொரு சூடு. முட்டுக்காடு பாலம் ஏறியதும் முகத்தில் ஈரக் காற்று பட்டது. ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன்.

மழைக்கு அடி போடுவது இந்தச் சுகமான காற்றுதான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. வெயிலில் தரை காய, அதன் மேலுள்ள காற்று எழும்பும். அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று புகும். ஆனி, ஆடியில் எதிர்ப்பக்கமான மேற்கிலிருந்து மேல்காற்றும் வீசும். கரைக்குக் கொஞ்சம் உள்ளே இரண்டும் முட்டிக்கொள்ள, ஈரம் மேலேறி மேகமாகத் திரளும். அதை உயரத்தில் வீசும் மேல்காற்று திரும்பக் கடற்கரைக்கே தள்ளிவிடும். ஆக, மழை முதுகுப்பக்கம் இருந்து வரும். கடலோரம் போகிறவர்கள் கடலையேதான் பார்த்துக்கொண்டு போகிறோம்!

கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்பினேன். 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த கோட்டை. உடைந்த செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் உப்பங்கழி, அதற்கும் அப்பால் கடல். எல்லாம் பளிச்சென்ற வெயிலில். அப்போதுதான் பின்னால் உறுமியது.

மரக்காணத்தை நெருங்கும்போது தூறல். வைப்பரைப் போட்டேன், கண்ணாடி முழுக்கப் பால் தடவியதுபோல் ஆகிவிட்டது. வழியெல்லாம் காற்றில் வந்து படிந்த உப்பு. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கித் துடைத்தேன்.

இறங்கியது நல்லதாகப் போயிற்று. எதிரே உப்பளம். பெண்கள் அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓட்டமும் நடையுமாக உப்பை மேட்டில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இருவர் குவியல்மேல் தார்ப்பாயை இழுத்து ஓரத்தில் கல் வைத்தார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் இருப்பதே சுமார் 35 கிராம் உப்பு. பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் நாள்கணக்காகச் சுண்டவைத்தால்தான் அது பூக்கும். நல்ல மழை ஒன்று போதும், தண்ணீர் நீர்த்துப்போகும்.

“பெரிசா பிடிச்சிருமாம்மா?” என்று ஒருவரிடம் கேட்டேன்.

“மேக்கால இடி இடிச்சா வந்துரும் சார். கெழக்கு மேகம் ஐப்பசியிலதான். அப்போ நாங்க அளத்துல இருக்க மாட்டோம்.”

நான் ஒரு பத்தி முழுக்கப் பேசியதை அவர் மூன்று வரியில் சொல்லிவிட்டார்.

மழை இருபது நிமிடம் கொட்டியது. கார் கூரையில் சத்தம் காது அடைத்தது. அப்புறம் யாரோ குழாயை மூடியதுபோல் நின்றுவிட்டது. பாத்திகளில் வானம் தெரிந்தது. அந்த அம்மா வரப்பில் குந்தி, ஒரு விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்துத் துப்பவில்லை. சும்மா எழுந்து போனார்.

புதுச்சேரியில் நண்பர் வீட்டு வாசலில் நிறுத்தும்போது மணி ஐந்தே கால். “என்ன, வண்டி இப்படி நனைஞ்சிருக்கு? மழையா?” என்றார். அவர் வீட்டு மொட்டைமாடியில் வேட்டி விரித்து வடகம் காய்ந்துகொண்டிருந்தது.