மலைப்பாதையில் பழைய கார்: செய்வதா, விடுவதா?

அன்பான நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடமாக ஹட்டனில் கராஜ் நடத்துகிறேன். "பாஸ், இந்தக் காரைச் செய்யலாமா, வித்துடலாமா?" என்று கேட்டு யாராவது வராத வாரம் கிடையாது. இன்று எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கிளச், கியர்பொக்ஸ், எக்ஸல், இந்தப் பகுதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

போன மழைக்காலத்தில் லிந்துலைப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் நிசான் சன்னியைக் கொண்டுவந்தார். 1994ஆம் ஆண்டுக் கார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம். மேட்டில் எஞ்சின் இரைகிறது, வண்டி ஏறவில்லை. வேறோர் இடத்தில் கியர்பொக்ஸே போய்விட்டது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

வளைவில் தட்டுவது வெளிப்பக்கத்து சிவி ஜொயின்ட், அதாவது எக்ஸலின் சக்கரப் பக்க நுனியில் இருக்கும் மூட்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி, மண்ணும் தண்ணீரும் உள்ளே போனால் அது தேய்ந்துவிடும். கிழிந்த உடனே பூட்டை மாற்றியிருந்தால் ஜொயின்ட் பிழைத்திருக்கும். எஞ்சின் இரைந்தும் வண்டி ஏறாதது பெரும்பாலும் கிளச் நழுவுவதால்தான். சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்து, மூன்றாம் கியரில் போட்டுக் கிளச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் நின்றுபோனால் கிளச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடினால் கிளச் நழுவுகிறது, பெரும்பாலும் கிளச் பிளேட் தேய்ந்திருக்கும். ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற பிளேட்டும் கருகும். ஆசிரியரின் காரில் எஞ்சின் நிற்கவில்லை.

கியர்பொக்ஸ் ஒயிலை வடித்தேன். ஒயில் வடிக்கும் மூடியில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும் ஒட்டியிருந்தது. அது வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லுகள் கிடைத்திருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் நான் செய்த வேலை ஒன்று உண்டு. காரைத் தூக்கி நிறுத்தி, அடித்தட்டையும், சக்கரத்தைப் பிடிக்கும் கைகள் பூட்டியிருக்கும் இடங்களையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். நம் ஊர் ஈரத்தில் துரு கீழேதான் முதலில் தின்னும். அங்கே ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் கிளச்சுக்கு ஒரு சதம்கூடப் போடாதீர்கள்.

பணக் கணக்கில் பலரும் தவறுகிறார்கள். காரை விற்றால் வரும் தொகையோடு பழுதுச் செலவை ஒப்பிடுகிறார்கள். இதே அளவுக்கு நம்பி ஓட்டக்கூடிய இன்னொரு காருக்கு எவ்வளவு வேண்டும் என்றுதான் கேட்க வேண்டும். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. வரியும் பெரிது. வாங்கப்போகும் பழைய காரிலும் என்ன ஒளிந்திருக்கிறதோ, அதையும் கணக்கில் சேருங்கள்.

தள்ளிப்போடுவது மட்டும் வேண்டாம். கொழும்பில் எக்ஸல் உடைந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ரம்பொடை இறக்கத்திலோ கினிகத்தேனை இறக்கத்திலோ நாம் வண்டியை கியரில் பிடித்துத்தான் இறக்குகிறோம். ஒரு பக்க எக்ஸல் விட்டுப்போனால் மற்றப் பக்கத்துச் சக்கரத்தையும் எஞ்சினால் பிடிக்க முடியாது. முழுப் பாரமும் பிரேக்கில் விழும், பிரேக் சூடேறும், பிடி குறையும். அப்படிப்பட்ட காரை மேட்டில் கியர் போட்டு நிறுத்தினாலும் அது உருளும். ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள். தட்டுகிற ஜொயின்டோடு பிள்ளைகளை ஏற்றி இறக்கத்தில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

செய்வதென்றால் முழுதாகச் செய்யுங்கள். கியர்பொக்ஸை இறக்கிய கையோடு கிளச்சின் பாகங்களான பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றுங்கள், எஞ்சின் பின்பக்க ஒயில் சீலையும் பாருங்கள். ஒரு பேரிங்குக்காக மறுபடி இறக்கினால் கூலி இரட்டிப்பு. கியர்பொக்ஸே வேண்டுமென்றால் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் பழையது கிடைக்கும். ஒயிலை வடித்துப் பார்த்து, மொடல் எண்ணையும் பல் கணக்கையும் ஒத்துப்பார்த்து வாங்குங்கள்.

ஆசிரியரின் காரில் கீழ்ப்பகுதி உறுதியாக இருந்தது. கிளச் செட்டும் ஒரு பக்க எக்ஸலும் போட்டோம். இப்போதும் அதில்தான் நுவரெலியா போய் வருகிறார். அதே வாரம் ஒரு குடும்பத்தார் வேன் கொண்டுவந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன் வேறெங்கோ புதுக் கிளச் போட்டிருந்தார்கள், அதுவும் அடகு வைத்த பணத்தில். தூக்கிப் பார்த்தேன். பின் ஸ்பிரிங் பூட்டியிருந்த இடத்தில் வண்டியின் அடிச்சட்டமான செசி துருவில் அழுகிப்போய்க் கையோடு வந்தது.