பாட்டுக்குச் சொந்தக்காரர் யார்?

தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, புரொஜக்டர் தந்து உதவிய கல்லூரி முதல்வர் அவர்களே, வந்துகொண்டே இருப்பதாகச் சொல்லப்படும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, நண்பர்களே! வணக்கம்.

இப்போது நாம் பார்த்த 'அமெரிக்கன் ஹாட் வாக்ஸ்' படம் 1978இல் வந்தது. ராக் அண்ட் ரோல் என்ற துள்ளலிசையின் பெயரை ஊரெல்லாம் பரப்பிய அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடின் கதை. மூன்று விஷயம் பேசலாம் என்றிருக்கிறேன்: ஃப்ரீட், படத்தின் இசை, நம் வானொலி.

1951இல் கிளீவ்லாந்து நகரில் ராத்திரி நேர நிகழ்ச்சி நடத்தியவர் ஃப்ரீட். கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகளைப் போட்டார். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். 1952 மார்ச் 21 அன்று, ஐஸ் ஹாக்கி ஆடுகிற அரங்கில் ஒரு இசை விழா வைத்தார். பத்தாயிரம் பேர் கொள்ளும் இடம். வந்ததோ இருபதாயிரம் இருக்கும்! போலி டிக்கெட் வேறு. கையில் டிக்கெட்டோடு வெளியே நின்றவன் சும்மா இருப்பானா? கதவு உடைந்தது. உள்ளே பால் வில்லியம்ஸ் சாக்ஸபோனை எடுத்து ஊத ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அதிகாரிகள் விளக்கைப் போட்டு, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்றுவிட்டார்கள். நம் ஊர்க் கச்சேரியில் நாற்காலி பறந்ததெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை, செயலாளர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும்.

சரி. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்கள். ஃப்ரீட் அப்படித்தான். கலைஞர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர், பாட்டைப் போடக் கம்பெனிகளிடம் காசும் வாங்கினார். வாங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட மறுத்ததால் 1959இல் வேலை போனது. 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் 300 டாலர். 1965இல் இறந்தபோது வயது 43.

படத்தில் கச்சேரியின் கல்லாப் பணம் பறிபோனதும் ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரி காசு வாங்காமல் மேடையேறுகிறார், கைதட்டினீர்கள். அதே பெர்ரி 1955இல் பாடிய 'மேபலீன்' பாட்டை எழுதியவர் பட்டியலில் ஃப்ரீட் பெயரும் ஏறியிருந்தது. ஒரு வரி எழுதாமல்! பாட்டு வானொலியில் ஓடுவதற்குக் கொடுத்த விலை அது. அந்தப் பெயரை நீக்க 1986 ஆயிற்று. படம் இதைத் தொடவே இல்லை. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்!

இதனால்தான் நான் ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன்: நம் எஃப்எம் நிலையங்கள் பாட்டைப் போடும்போது எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களைச் சொல்ல வேண்டும். இலங்கை வானொலி சொல்லவில்லையா? விளம்பரத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது, பாடலாசிரியர் பெயருக்கு ஐந்து நொடி இல்லையாம்.

படத்தின் இசை பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மனுத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன். தேநீருக்கு முன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நகர்மன்றத் தலைவர் முதல் கையெழுத்தைப் போடுவார் என்று அவரைக் கேட்காமலே அறிவிக்கிறேன்.