பிரேக் பெடல் பாதி வரை இறங்குகிறதா? ஏர் எடுக்கும் முன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பாருங்கள்

வணக்கம். இன்றைக்குக் கேமரா கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், ஸ்டியரிங்குக்குக் கீழே பெடல் தெரிகிற மாதிரி வைக்க வேறு இடம் கிடைக்கவில்லை. தெரிகிறதா? இப்போது மிதிக்கிறேன். பாதி தூரம் வரைக்கும் ஒன்றுமே இல்லை, அதற்கப்புறம்தான் பிடிக்கிறது. விட்டுவிட்டு உடனே இன்னொரு மிதி. இப்போது மேலேயே நிற்கிறது, பாருங்கள். இதைப் பார்த்ததும் பாதிப் பேர் "லைனில் ஏர்", அதாவது பிரேக் ஆயில் போகிற குழாயில் காற்று புகுந்துவிட்டது என்று சொல்லியிருப்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் பிரேக் ஆயில் இரண்டு அரை லிட்டர் பாட்டில் வாங்கி, அந்தக் காற்றை வெளியேற்ற நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தேன், உள்ளே உட்கார்ந்து மிதித்த என் தம்பிக்குக் கால் மரத்துப் போனது, பெடல் மட்டும் இம்மிகூட மாறவில்லை.

அதனால் இன்றைக்கு ஸ்பேனரை எடுக்கும் முன் காலை வைத்தே எதைக் கண்டுபிடிக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு தவறான சந்தேகத்தைத் தள்ளிவிடலாம். பெடல் இறங்கினால் பூஸ்டர், அதாவது நாம் மிதிக்கிற விசையைப் பெருக்கித் தருகிற பாகம், போய்விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. பூஸ்டர் போனால் பெடல் கல் மாதிரி இறுகும், இறங்காது. இன்ஜினை அணைத்து நாலைந்து தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் லேசாகக் கீழே போகும். அது சரியான வேலைதான், பயப்பட வேண்டாம்.

அடுத்து, இன்ஜின் ஓடும்போது மிதமாக அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் நிற்காமல் மெதுவாகத் தரையை நோக்கிப் போகிறதா? அப்படியானால் ஆயில் எங்கோ வெளியேறுகிறது, இல்லையென்றால் பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்பி வருகிறது. டப்பாவில் ஆயில் அளவு குறையவில்லை, சக்கரங்களின் உள்பக்கத்திலும் ஈரம் இல்லை என்றால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர்தான். அது பூஸ்டரோடு சேரும் இடத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். அங்கே ஈரமோ உரிந்த பெயின்ட்டோ இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டியதில்லை. இந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள், கடைக்குப் போய் வருகிற தூரம்கூட வேண்டாம்.

ஏர் இருந்தால் பெடல் வேறு மாதிரி பேசும். ஸ்பாஞ்சை அழுத்துவது போல இருக்கும், அழுத்த அழுத்தக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும், காலைத் தளர்த்தினால் திரும்பத் தள்ளும். ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும், அவ்வளவுதான் காரணம். காலையில் நன்றாக இருந்த பெடல் நீண்ட இறக்கத்தில் மட்டும் தொளதொளக்கிறது என்றால் ஆயில் பழையது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த வரம்பே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவி, ஆவியும் சுருங்கும். வருடக்கணக்காக மூடி திறந்து அலமாரியில் கிடக்கிற பாட்டிலை ஊற்றாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

சரி, என் வண்டிக்கு வருவோம். என் பெடலில் ஸ்பாஞ்ச் குணமே இல்லை. முதல் மிதியில் வெறும் பயணம், அது முடிந்ததும் கெட்டியாக நிற்கிறது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல்தான் இரண்டு பாட்டிலை வீணாக்கினேன். பின்னால் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்முக்குள் ஷூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து உரசி நிறுத்துகிற வகை. ஹேண்ட் பிரேக்கும் அதே ஷூவைத்தான் விரிக்கிறது. இப்போது ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுக்கிறேன். பெடலை மிதிக்கிறேன். பாருங்கள்! முதல் மிதியிலேயே மேலே நிற்கிறது. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகம், அதை நிரப்பவே முதல் மிதியின் ஆயில் போய்விடுகிறது, விட்டதும் உடனே மிதித்தால் ஷூ முழுதாகத் திரும்பும் முன் இரண்டாவது மிதி வந்துவிடுகிறது. ஏர் மாதிரியே நடிக்கும், ஆனால் ஏர் இல்லை.

டிரம்மைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. தானாக இறுகிக்கொள்ள வேண்டிய அட்ஜஸ்டரின் நட்சத்திரச் சக்கரம் துருப்பிடித்து அசையாமல் கிடந்தது. அந்தத் தூசியை ஊதாதீர்கள், பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணி போதும். அப்படியே ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பார்த்தேன், உள்ளே காய்ந்திருந்தது, நல்ல காலம். அங்கே ஆயில் இருந்தால் சிலிண்டரையும், ஆயில் பட்ட ஷூவையும் மாற்றித்தான் ஆக வேண்டும். அட்ஜஸ்டரைக் கழற்றித் துருவைத் தேய்த்து, மரையில் துளி கிரீஸ் வைத்து மாட்டினேன். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, டிரம்மைப் போட்டுச் சுற்றி, ஷூ லேசாக உரசுகிற சத்தம் கேட்கும் வரை இறுக்கினேன். லேசாக உரசினாலும் சக்கரம் கையால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கட்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

நான்கிலும் டிஸ்க் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரை மாற்றிய பிறகு எத்தனை முறை ஏர் எடுத்தும் பெடல் ஏறவில்லையா? காற்றை வெளியே விடுகிற திருகான நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடதும் வலதும் மாறிப்போனால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலேயே தங்கிவிடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்திருந்தால் சில வண்டிகளில் வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஸ்கேனர் இல்லாமல் வெளியே வராது.

இதோ, இப்போது மிதிக்கிறேன். ஒரே மிதி. நிற்கிறது. இனி ஆளில்லாத இடத்தில் நடக்கிற வேகத்தில் பத்துத் தடவை நிறுத்திப் பார்த்த பிறகுதான் சாலைக்கு எடுப்பேன். தம்பியைக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்கிறான்.