பூண்டை நசுக்கும்போது நடப்பது

நேயர்களுக்கு வணக்கம். மூலிகை என்றதும் எந்தச் செடி எந்த நோய்க்கு நல்லது என்று கேட்கிறோமே தவிர, அந்தச் செடியை எப்படிப் பக்குவப்படுத்த வேண்டும் என்று கேட்பது அரிது. கிருமிகளைத் தடுக்கும் வேதிப்பொருள் பல தாவரங்களில் ஆயத்த நிலையில் இருப்பதில்லை. அப்படி இருக்கும் தாவரங்களிலும் நாம் கையாளும் முறையிலேயே அது அழிந்துவிடக்கூடும் என்பதையே இன்று சொல்ல வந்தேன்.

பூண்டையே எடுத்துக்கொள்வோம். உரித்த முழுப் பல்லை முகர்ந்தால் நெடி அவ்வளவாக இராது. நசுக்கினால் மூக்கைத் துளைக்கும். பல்லுக்குள் அலின் என்னும் கந்தகச் சேர்மமும் அலினேஸ் என்னும் நொதியும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. பூச்சி கடித்தோ கத்தி பட்டோ செல்கள் உடையும்போதுதான் அவை கலந்து, சில விநாடிகளில் அலிசின் பிறக்கிறது. காவலிட்டோ, பெய்லி என்னும் இரு ஆய்வாளர்கள் 1944ஆம் ஆண்டில் பிரித்தெடுத்துக் காட்டிய கிருமியெதிர்ப்புப் பொருள் இதுதான். பாக்டீரியாவின் நொதிகளில் உள்ள கந்தகத் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு அவற்றை இது முடக்கிவிடுகிறது.

இனி, முழுப் பல்லை அப்படியே கொதிநீரில் போடுகிறோம் என்று வையுங்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். அதன்பின் எவ்வளவு மசித்தாலும் அலிசின் உருவாக வழியில்லை. நசுக்கிய பூண்டிலும் அலிசின் நெடுநேரம் நிலைப்பதில்லை. சிதைந்து வேறு கந்தகச் சேர்மங்களாக மாறிவிடும். ஆகவே பூண்டு கிருமியைக் கொல்லுமா என்ற கேள்விக்கு, எந்தப் பூண்டு, நசுக்கியதா, வேகவைத்ததா, எவ்வளவு நேரத்துக்கு முன் நசுக்கியது என்று திருப்பிக் கேட்பதே நேர்மையான பதிலாகும்.

சூட்டைப் பற்றி மீண்டும் சொல்கிறேன், ஏனெனில் மலேரியா மருந்தான ஆர்டிமிசினின் கிடைத்ததே சூட்டைத் தவிர்த்ததால்தான். 4ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கெ ஹோங், அந்த மருந்தைத் தரும் மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைக் குடிக்கச் சொன்னாரேயன்றிக் காய்ச்சச் சொல்லவில்லை. அந்தக் குறிப்பு சீன ஆய்வாளர் தூ யூயூவைச் சிந்திக்க வைத்தது. அவர் 1971இல் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஈதர் என்னும் கரைப்பானைக் கொண்டு சாறெடுத்தபோது, அது விலங்குச் சோதனைகளில் மலேரியா ஒட்டுண்ணியை முழுமையாக ஒடுக்கியது. 2015இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஒரே செடியில் உள்ள பொருள்கள் ஒன்றுக்கொன்று துணை நிற்பதும் உண்டு. பெர்பெரிஸ் இனச் செடிகளில் உள்ள பெர்பெரின் என்னும் மஞ்சள் நிறக் கிருமியெதிர்ப்புப் பொருளை, ஓட்டைப் படகில் புகும் நீரை இறைப்பதுபோல, ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியா வெளியே தள்ளிவிடுகிறது. அந்த இனத்துச் செடிகள் சிலவற்றில் உள்ள வேறொரு சேர்மம் தானாகக் கிருமியைக் கொல்வதில்லை. அந்த இறைப்பானை மட்டும் அடைத்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது; இதற்கென்றே தனி உரை வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது, கிருமிகளை வளர்த்துச் சோதிக்கும் ஆய்வுத் தட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். தட்டில் சாற்றுத் துளியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரிந்தால், அந்தச் செறிவில் அந்தக் கிருமி தடுக்கப்பட்டது என்பதே பொருள். அதே செறிவு இரத்தத்தை எட்டுமா என்பதை வட்டம் சொல்லாது. மஞ்சளிலுள்ள குர்குமின் தட்டில் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் வாய்வழி உட்கொண்டால் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்கிறது. நன்றி, வணக்கம்.