சொன்ன எண்ணும் வந்த எண்ணும்

நண்பர்களே, ஒரு கல்யாண மோதிரத்திலிருந்து தொடங்குகிறேன்.

2016 ஜனவரி 26. டென்மார்க் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சம் கேட்டு வருகிறவரின் பையைச் சோதிக்கலாம். 10,000 குரோனருக்கு மேல் பணமோ பொருளோ இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அவரைத் தங்கவைத்துச் சோறு போடும் செலவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். மசோதாவாக இருந்தபோதே கேள்வி வந்தது. விரலில் போட்டிருக்கும் மோதிரம்? அதையும் கழற்றச் சொல்வீர்களா? உலகமே காறித் துப்பிய பிறகு மோதிரத்துக்கும் பதக்கத்துக்கும் விலக்கு கொடுத்தார்கள். பத்திரிகைகள் 'நகைச் சட்டம்' என்று பெயர் வைத்துவிட்டன, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தை வைத்து அதிகாரிகள் பறிமுதல் செய்தது மிகச் சில முறைதான். கஜானாவுக்கு அதனால் ஒன்றும் சேரவில்லை. சேரவேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. அது ஒரு தபால். ஒரு பிரதி, எங்கோ கிளம்பத் தயாராக நிற்கிற அகதிக்கு: 'இங்கே வராதே.' இன்னொரு பிரதி உள்ளூர் வாக்காளருக்கு: 'குடியேற்றத்தை எதிர்க்கும் கட்சிக்கு ஏன் ஓட்டுப் போடுகிறாய், நாங்களே செய்கிறோமே!' இந்த இரண்டாவது தபால் போய்ச் சேர்ந்ததா என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் நாளிதழ்களில் 'பாப்புலிஸ்ட்' என்றால் தேர்தல் நேரத்துக் கவர்ச்சித் திட்டம், இலவசம் என்ற பொருள்தான் பழக்கம். ஐரோப்பாவில் அந்தச் சொல் வேறொன்றைக் குறிக்கிறது. 'நாட்டில் இரண்டே கூட்டம்: ஒன்று உண்மையான மக்கள், மற்றது அவர்களை ஏமாற்றும் மேல்தட்டு, மக்களின் குரல் நாங்கள் மட்டுமே' என்று சொல்லும் அரசியல் அது. வெகுஜனவாதம் என்று வைத்துக்கொள்வோம். இடதிலும் உண்டு, வலதிலும் உண்டு. வலதில் இருப்பவர்களுக்குக் குடியேற்றம்தான் பிரதான சரக்கு. மேல்தட்டின் துரோகத்துக்குச் சாட்சி வேண்டுமா, இதோ உங்கள் தெருவில் நடந்து போகிறான் பார், என்று கைகாட்டலாம்.

இப்போது டென்மார்க்குக்குத் திரும்புவோம். ஐரோப்பாவின் நடுநிலைக் கட்சிகள் எல்லாம் சர்வரோக நிவாரணியாகக் காட்டும் நாடு அது. 2015இல் குடியேற்றத்தை எதிர்க்கும் வலதுசாரி டேனிஷ் மக்கள் கட்சி 21.1 சதவீதம் வாங்கி இரண்டாவது பெரிய கட்சியானது. அதன் பிறகு மைய இடதுசாரியான சமூக ஜனநாயகக் கட்சியின் மெட்டே ஃபிரெடெரிக்சென் குடியேற்றத்தில் கடுமையான வழியைப் பிடித்தார். 2019இல் டேனிஷ் மக்கள் கட்சி 8.7 சதவீதத்துக்குச் சரிந்தது, அவர் பிரதமரானார். 2022இல் அந்தக் கட்சி 2.6 சதவீதம். பார்த்தீர்களா, மருந்து வேலை செய்கிறது என்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். 2015இல் சமூக ஜனநாயகக் கட்சி வாங்கியது 26.3 சதவீதம். வெற்றி பெற்றதாகச் சொல்லும் 2019இல் 25.9. அதாவது கொஞ்சம் குறைந்தது! ஆட்சி கிடைத்தது, கூட்டாளிக் கட்சிகள் சில வளர்ந்ததால். அது மட்டுமில்லை, ஃபிரெடெரிக்சென் விற்றது கடுமையை மட்டும் அல்ல. இளவயதிலேயே உடலுழைப்பு வேலைக்குப் போனவர்கள் சீக்கிரம் ஓய்வுபெறலாம் என்ற ஓய்வூதிய வாக்குறுதி அவருடைய பிரச்சாரத்தின் நடுநாயகம். விளம்பரத்தில் சிரித்தது ஒரு பீர் ஆலைத் தொழிலாளியின் முகம். டென்மார்க்கைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொல்லும் தலைவர்கள் நகைச் சட்டத்தை எடுத்துக்கொண்டு அந்த ஓய்வூதியத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

அடுத்தது, அந்த 2.6 சதவீதம். அதே 2022 தேர்தலில் முன்னாள் குடியேற்ற அமைச்சர் இங்கெர் ஸ்டொய்பெர்க் புதிதாகத் தொடங்கிய கட்சி 8.1 வாங்கியது. 'புதிய வலது' என்ற இன்னொன்று 3.7. கூட்டினால் 14 சதவீதத்துக்கு மேல். கடை மூடியது உண்மை. வாடிக்கையாளர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள், அவ்வளவுதான். 21 எங்கே 14 எங்கே, அது குறைவுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குறைவுதான். மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை, லேபிளில் எழுதியிருப்பது வேறு, பாட்டிலில் இருப்பது வேறு என்கிறேன்.

பிரான்சில் இதே வைத்தியத்தை முன்பே பார்த்துவிட்டார்கள். 2007 அதிபர் தேர்தலில் வலதுசாரி வேட்பாளர் நிக்கோலா சர்கோஸி குடியேற்றத்துக்கும் தேசிய அடையாளத்துக்கும் சேர்த்து ஒரு அமைச்சகமே அமைப்பேன் என்றார். தீவிர வலதுசாரித் தலைவர் ழான் மரி லு பென்னின் வாக்கு 10.4 சதவீதத்துக்கு இறங்கியது. சர்கோஸி ஜெயித்தார், அமைச்சகத்தையும் அமைத்தார். ஐந்தே வருடம். 2012இல் மகள் மரீன் லு பென் 17.9 வாங்கினார், சர்கோஸி தோற்றார். 2022இன் இரண்டாம் சுற்றில் மரீனுக்குக் கிடைத்தது 41.5 சதவீதம். 2023 டிசம்பரில் மக்ரோன் அரசு கடுமையான குடியேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது மரீன் அதை எதிர்க்கவில்லை, தன் 'சித்தாந்த வெற்றி' என்று கொண்டாடினார். எதிராளியின் சட்டத்துக்கு அவர் ஓட்டும் போட்டு, அதன் பெருமையையும் வாங்கிக்கொண்டு போனார். அசல் கடையில் கிடைக்கும்போது நகலை யார் வாங்குவார்கள் என்று அப்பா லு பென் ஒரு காலத்தில் கேலி செய்துகொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் இதை மட்டும் எல்லோரும் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

ஆக, கடுமையைக் கூட்டினால் ஓட்டு வந்துவிடும் என்பது அரைக் கணக்கு. சரி, எதிர்த் திசையில் போவோம். குடியேற்றம் அதிகமுள்ள இடத்தில் வெகுஜனவாதம் அதிகம் இருக்க வேண்டுமே? அதுவும் பொருந்தவில்லை. ஜெர்மனியில் குடியேற்றத்தை எதிர்க்கும் ஏ.எஃப்.டி. கட்சி மிகப் பலமாக இருப்பது கிழக்கு மாநிலங்களில். வெளிநாட்டவர் விகிதம் அங்கேதான் குறைவு. பிரிட்டனில் 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில், உலகத்தின் எல்லா முகங்களும் தெரியும் லண்டனின் லாம்பெத் பகுதி 78.6 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருப்போம் என்றது.

அப்படியானால் பாஸ்டனை எப்படிப் புரிந்துகொள்வது? அமெரிக்க பாஸ்டன் இல்லை, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் இருக்கும் சிறு ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் முட்டைக்கோஸ் வயல், காய்கறியை வெட்டிப் பாக்கெட் போடும் கூடங்கள். பிரெக்ஸிட்டுக்கு ஆதரவாக நாட்டிலேயே அதிகபட்சமாக 75.6 சதவீதம் வாக்களித்த ஊர். 2001இல் அந்த வட்டாரத்தின் மக்கள்தொகை 56,000க்குக் கொஞ்சம் குறைவு. 2011இல் 64,000ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கெடுப்பில் பத்தில் ஒருவர் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சேர்ந்த நாடுகளில் பிறந்தவர். விடியுமுன் வேனில் ஏறி வயலுக்குப் போகும் கூட்டத்தின் மொழி பத்தே வருடத்தில் மாறிவிட்டது. வயல் முதலாளிக்கு ஆள் கிடைத்தது, சூப்பர் மார்க்கெட்டுக்கு மலிவாகக் காய் கிடைத்தது. உள்ளூர்க்காரனுக்கு டாக்டரைப் பார்க்க இன்னும் நீண்ட வரிசை கிடைத்தது. லாம்பெத்தில் அந்நியர் என்பது பல தலைமுறைச் சங்கதி. பாஸ்டனில் அது நேற்று நடந்தது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட எத்தனை வேகமாக வந்தார்கள் என்பது அரசியலைக் கிளறுகிறது.

அந்த வேகத்துக்கு முன்னால் சொல்லப்பட்ட எண் என்ன தெரியுமா? 2004 மே மாதம் போலந்து உள்ளிட்ட நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது பிரிட்டனும் அயர்லாந்தும் ஸ்வீடனும் மட்டும் உடனே தொழிலாளர்களுக்குக் கதவைத் திறந்தன. ஜெர்மனி 2011 வரை மூடியே வைத்திருந்தது. பிரிட்டன் அரசு வரவழைத்த ஆய்வின் மதிப்பீடு: வருடத்துக்கு நிகரமாக, அதாவது வந்தவர்களில் வெளியேறியவர்களைக் கழித்து, 5,000 முதல் 13,000 பேர். மற்ற நாடுகளும் திறக்கும் என்று நினைத்துப் போட்ட கணக்கு அது, திறக்கவில்லை. 2011இல் போலந்தில் பிறந்தவர்கள் மட்டும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,79,000 பேர்.

அதிலிருந்தாவது பாடம் கற்றார்களா? 2010இல் கன்சர்வேடிவ் தலைவர் டேவிட் கேமரன், நிகரக் குடியேற்றத்தை 'பதினாயிரங்களுக்கு' இறக்குவேன், லட்சத்தைத் தொடவிட மாட்டேன் என்றார். ஒன்றியத்துக்குள் இருக்கும்வரை அந்த நாடுகளின் குடிமக்களைத் தடுக்கும் அதிகாரமே அவரிடம் இல்லை. கையில் இல்லாத சாவியை ஆட்டிக் காட்டினார். 2015 தேர்தலின்போது எண் 3 லட்சம். ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொன்ன யூகிப் கட்சிக்கு 12.6 சதவீத வாக்கு. அடுத்த வருடம் வாக்கெடுப்பு, பிரெக்ஸிட்.

இங்கே கவனியுங்கள். 2017 தேர்தலில் யூகிப் 1.8 சதவீதத்துக்கு விழுந்துவிட்டது. குடியேற்றம் அப்போதும் 2 லட்சத்துக்கு மேல்! எண் குறையாமலேயே கோபம் தணிந்தது, 'இனி சாவி நம் கையில்' என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு கன்சர்வேடிவ் அரசு செய்தது என்ன? ஒன்றியத்திலிருந்து வெளியே வந்து, 2021இல் தகுதிக்குப் புள்ளி போட்டு விசா கொடுக்கும் புதிய முறையைக் கொண்டுவந்து, 2023இல் நிகரக் குடியேற்றத்தை 9 லட்சத்துக்கு மேலே ஏற்றிவிட்டது. முதியோர் இல்லங்களுக்கு ஆள் வேண்டும், பல்கலைக்கழகங்களுக்கு வெளிநாட்டு மாணவரின் கட்டணம் வேண்டும். காரணங்கள் எல்லாம் நியாயமானவை. ஆனால் அவற்றை மேடையில் யாரும் சொல்லவில்லை. மேடையில் ரிஷி சுனக்கின் முன்னால் இருந்த பலகையில் 'படகுகளை நிறுத்துவோம்' என்று எழுதியிருந்தது. தஞ்சம் தேடி ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வரும் படகும் நிற்கவில்லை. அப்படி வருகிறவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது.

என் முடிவு இதுதான்: வெகுஜனவாதக் கட்சிகள் விளையும் நிலம், சொன்ன எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் நடுவே கிடக்கும் தரிசு. அதைப் பாதுகாத்து வளர்த்தவர்கள் பெரும்பாலும் மையக் கட்சிகள்.

இதற்கு இன்னொரு சாட்சி ஆஸ்திரேலியா. 2001 ஆகஸ்டில் நடுக்கடலில் மீட்கப்பட்ட 433 பேரோடு டம்பா என்ற நார்வே கப்பல் வந்தபோது, பிரதமர் ஜான் ஹோவர்ட் இறங்கவிடவில்லை. யார் வருவது, எப்படி வருவது என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம் என்று தேர்தலில் முழங்கினார். குடியேற்றத்தை எதிர்க்கும் பாலின் ஹான்சனின் ஒரே நாடு கட்சி 1998இல் வாங்கிய 8.4 சதவீதம் 2001இல் பாதியானது. அதே ஹோவர்ட் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கு முறையாக வந்த குடியேறிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது! முன்வாசலில் அரசே நின்று அழைத்துக்கொண்டிருந்தால் கூட்டம் பெரிதானாலும் ஊர் முணுமுணுப்பது குறைகிறது. அரசியல் சூத்திரமாக இது பலித்தது. அதன் விலையை, கரை இறங்கவிடாமல் அனுப்பப்பட்டு நவ்ரூ தீவின் முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தவர்கள் கொடுத்தார்கள். ஓட்டுக் கணக்குப் பேசும்போது அவர்கள் கணக்கில் வருவதில்லை என்பதால் சொல்லிவைக்கிறேன்.

எண் இறங்கினால் கோபம் தானாக இறங்குமா? பிரிட்டனில் 2025 ஜூன் வரையிலான ஒரு வருடத்தில் நிகரக் குடியேற்றம் 2,04,000க்கு இறங்கிவிட்டது. உச்சத்தில் இருந்ததில் கால்வாசி கூட இல்லை. ஆனால் குடியேற்றத்தை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சி அந்த வருடம் கருத்துக்கணிப்புகளில் முதலிடத்தில் இருந்தது. விசாவில் வருகிறவர் விமான நிலையத்தில் இறங்கி டாக்ஸி பிடித்துப் போய்விடுகிறார், யார் கண்ணிலும் படுவதில்லை. ரப்பர் படகில் கால்வாயைக் கடப்பவர் ஒவ்வொரு நாளும் டிவியில் வருகிறார். 2024இல் அப்படி வந்தவர்கள் சுமார் 37,000. மொத்தத்தில் சிறு பங்கு, அரசியலில் முழுப் பங்கு. அமெரிக்காவிலும் இதே கதைதான். 2024இல் மெக்சிகோ எல்லையைக் கடப்போர் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்த பிறகுதான் தேர்தல் நடந்தது. சரிந்தது பைடன் ஆட்சியில், பலன் டிரம்ப்புக்கு.

அமெரிக்கா என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 பிப்ரவரியில் இரு கட்சி செனட்டர்களும் உட்கார்ந்து பேசி எல்லையைக் கடுமையாக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டிரம்ப் வேண்டாம் என்றார். குடியரசுக் கட்சியினரே அதைக் கவிழ்த்தார்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டால் நவம்பரில் எதைப் பேசுவது?

ஜெர்மனியில் அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஃபிரீட்ரிக் மெர்ஸ் செய்தது இதைவிட விசித்திரம். 2025 ஜனவரி 29 அன்று, தேர்தலுக்கு நான்கே வாரம் இருக்கும்போது, எல்லையில் தஞ்சம் கோருவோரைத் திருப்பி அனுப்பச் சொல்லும் தீர்மானத்தை ஏ.எஃப்.டி.யின் ஓட்டோடு நிறைவேற்றினார். 348க்கு 345. பிப்ரவரி 23இல் ஏ.எஃப்.டி. முந்தைய தேர்தலைப் போல இரு மடங்கு, 20.8 சதவீதம். தேர்தல் நேரத்தில் விலைவாசியையும் வாடகையையும் விட்டுவிட்டு நாடு முழுக்கக் குடியேற்றத்தையே பேசினால் அது வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கொடுப்பதுதான்.

ஆட்சிக்கு வந்த பிறகு வெகுஜனவாதிகள் என்ன செய்கிறார்கள்? இத்தாலியின் ஜோர்ஜா மெலோனி குடியேறிகளின் படகுகளைக் கடற்படையை வைத்து மறிப்பேன் என்று சொல்லி 2022இல் ஜெயித்தவர். அவருடைய அரசு 2023 முதல் 2025 வரை வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஒதுக்கிய அனுமதி 4,52,000. அடுத்த மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய 5 லட்சம். தக்காளி பறிக்க ஆள் வேண்டும், வயதானவர்களைக் கவனிக்க ஆள் வேண்டும். படகைத் திட்டிக்கொண்டே விசாவில் கையெழுத்துப் போடுகிறார். அவர் கட்சியின் செல்வாக்கு இதனால் குலைந்துவிடவில்லை. கேமரனை மூழ்கடித்த இடைவெளி மெலோனியை ஏன் தொடவில்லை? அவர் யார் பக்கம் என்பதில் அவருடைய வாக்காளருக்குச் சந்தேகம் இல்லை. அந்த நம்பிக்கை மையக் கட்சிக்குக் கிடைப்பதில்லை.

கேள்வி நேரத்துக்கு முன் நெதர்லாந்தைச் சொல்லி உட்காருகிறேன். 2023இல் குடியேற்றத்தை எதிர்க்கும் கீர்ட் வில்டர்ஸ் 150 இடங்களில் 37 வாங்கி முதலிடம் பிடித்து, கூட்டணியில் நுழைந்து, 2025 ஜூனில் தஞ்சக் கொள்கையைக் காரணம் காட்டி அரசைக் கவிழ்த்தார். அக்டோபரில் மறுதேர்தல். 26 இடம். மறுநாள் ஐரோப்பா முழுக்கத் தலைப்புச் செய்தி, வில்டர்ஸ் சரிந்தார் என்று. அவரோடு அதே சரக்கை விற்கும் இரண்டு சிறு கட்சிகள் உண்டு. ஜா21 கட்சிக்கு முன்பு 1, இப்போது 9. ஜனநாயக மன்றத்துக்கு முன்பு 3, இப்போது 7. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 2023இல் 41. 2025இல் 42.